எல்லாமும் ஒன்றேனும்: முதல்வரிசைத் தருக்கத்தின் அடிப்படை

குதிரை விலங்கு, ஆகவே குதிரையின் தலை ஒரு விலங்கின் தலை. பள்ளிப் பிள்ளையும் தயங்காமல் ஏற்கும் முடிவு இது. ஆயினும் அரிஸ்டாட்டில் வகுத்து, இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கோலோச்சிய தருக்கத்தால் இதை நிறுவ இயலவில்லை. இவ்வெடுத்துக்காட்டு அகஸ்டஸ் டி மார்கன் பெயரோடு வழங்குகிறது. 1806-இல் மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் அவர்.

பழைய தருக்கம் கூற்றை எழுவாய், பயனிலை என இரண்டாகவே பிரித்தது. 'இன்னதன் தலை' என்பதோ இரு பொருள்களுக்கிடையேயான உறவு. உறவுகளையும் ஆளும் தருக்கத்தை 1879-இல் ஜெர்மானியர் காட்லோப் ஃபிரேகே ஒரு சிறு நூலில் அமைத்தார். அமெரிக்கரான சார்லஸ் பெர்ஸ் 1880-களில் தம் வழியே அதே இடத்தை அடைந்தார்.

இப்புதிய தருக்கத்தின் கருவிகள் சிலவே: பொருள்களுக்காக நிற்கும் மாறிகள், பண்பையும் உறவையும் சொல்லும் பயனிலைகள், 'அல்ல', 'மற்றும்', 'அல்லது', 'எனில்' என்னும் இணைப்புகள், 'எல்லா', 'ஒன்றேனும்' என்னும் அளவுகுறிகள். அளவுகுறிகள் பொருள்கள்மீது மட்டுமே செல்லும், பண்புகள்மீது செல்லா என்பதால் இது முதல்வரிசை.

இனிக் குதிரைக்கு வருவோம். 'க' ஒரு குதிரையின் தலை என்றால், க எதன் தலையோ அந்தக் குதிரை ஒன்றேனும் உண்டு. அதை 'ச' என்போம். குதிரைகள் எல்லாம் விலங்குகள். எனவே ச விலங்கு. ஆகவே க ஒரு விலங்கின் தலை. நிறுவல் முடிந்தது.

இத்தருக்கத்தின் உயிர்நாடி அளவுகுறிகளின் வரிசை. இயல் எண்களில், 'ஒவ்வோர் எண்ணுக்கும் அதனினும் பெரிய எண் ஒன்று உண்டு' என்பது மெய். 'எல்லா எண்ணினும் பெரிய எண் ஒன்று உண்டு' என்பது பொய். மாறியது வரிசை மட்டுமே. நுண்கணிதத்தில் தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. மாணவர் பலர் அங்கு இடறுவது கணக்கில் அன்று, இந்த வரிசையில்தான்.

எந்தப் பொருளுலகில் வைத்தாலும் மெய்யாகும் கூற்றுக்கு நிறுவல் உண்டு என்று 1929-இல் குர்ட் கோடெல் காட்டினார். ஆனால் ஒரு கூற்று அத்தகையதா என்று எப்போதும் தீர்த்துச் சொல்லும் பொறிமுறை இல்லை என்று 1936-இல் அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் தனித்தனியே நிறுவினர். எழுதிய நிறுவலைச் சரிபார்க்க எந்திரம் போதும். நிறுவலைத் தேடும் பணிக்கு உறுதியான முடிவெல்லை இல்லை. அளவுகுறிகளின் வரிசையே உயிர்நாடி ஆதலால், கணிதம் பயிலும் மாணவருக்கு, தேற்றங்களை மனனம் செய்யுமுன், 'எல்லா'வையும் 'ஒன்றேனும்' என்பதையும் உரிய இடத்தில் வைக்கக் கற்பிப்போம்.