‘ஹியர்இன்ஆஃப்டர்’: முல்லைப் பெரியாறு பத்திரத்தில் இருக்கும் ஒரு சொல்

உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க. கம்பெனியின் முழுப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஹியர்இன்ஆஃப்டர்’ என்று இருக்கலாம். யாரும் பேசாத, பத்திரங்களில் மட்டும் உயிரோடிருக்கும் வினையடை இது.

பலரும் இதை ‘இனிமேல்’ என்றே படிக்கிறோம். ஆனால் அது ‘ஹியர்ஆஃப்டர்’, காலத்தைக் குறிப்பது. நடுவில் ‘இன்’ சேர்ந்தால், ‘இந்த ஆவணத்தில், இதற்குக் கீழே’ என்று பொருள்.

ஒரே ஓர் அசைதானே என்கிறீர்களா? இடுக்கி மாவட்டத்தில் நிற்கும் முல்லைப் பெரியாறு அணையின் குத்தகைப் பத்திரத்தைப் பாருங்க. 1886 அக்டோபர் 29-ல் எழுதப்பட்டது. திருவிதாங்கூர் 8,000 ஏக்கரை 999 ஆண்டுகளுக்கு பிரிட்டிஷ் இந்திய அரசுக்குக் கொடுத்தது. எதற்குப் பதிலாக? ‘ஹியர்இன்ஆஃப்டர்’ சொல்லப்படும் வாடகைக்கும் நிபந்தனைகளுக்கும். அதாவது, அதே பத்திரத்தில் கீழே எழுதியிருக்கும் தொகை: ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். இதை ‘இனிமேல் முடிவாகும் வாடகை’ என்று படித்தால் ஒப்பந்தமே தலைகீழ்!

தொகை பத்திரத்திலேயே பூட்டப்பட்டிருந்ததால், அதை 30 ரூபாயாக்க கேரளமும் தமிழ்நாடும் 1970 மே 29-ல் துணை ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. (பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தரும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் அதே நாளில்தான் கையெழுத்தானது.)

உங்க லெட்டரில் நோட்டீஸ் பீரியட், பாண்ட் தொகை பக்கத்தில் இந்தச் சொல் வந்தால், கீழே அந்த ஷரத்து நிஜமாவே இருக்கான்னு தேடிப் பாருங்க. இல்லைன்னா, கையெழுத்துக்கு முன்னாடியே எச்.ஆரிடம் கேளுங்க.