தவழாத பிள்ளைகள்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். அதற்கும் முன்னரே பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடிவிட்டார். புலவர் வகுத்த பத்துப் பருவங்களுள், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. பின்னர் முத்தம், அதனையடுத்துத் தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வாரானை. தவழ்தலுக்கென்று தனிப்பருவம் அவற்றில் இல்லை! தவழும் குழந்தையை நம் முன்னோர் காணாதவர் அல்லர்; எல்லாப் பிள்ளையும் ஏறியே தீரவேண்டிய படியாக அதனைக் கருதவில்லை போலும்.

அவ்வாறு கருதியது இருபதாம் நூற்றாண்டு. அமெரிக்காவில் ஆர்னல்ட் கெசல் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 1930களில் குழந்தைகளைப் படம் பிடித்து, ஊர்தல், முழந்தாளிடல், நிற்றல் என வரிசை வகுத்தனர். வரிசை அட்டவணையாயிற்று, அட்டவணை அளவுகோலாயிற்று. ஆயினும் 1931இலேயே அலெஸ் ஹிர்ட்லிச்கா என்ற மானிடவியலறிஞர், முழந்தாள் படாமல் கையும் பாதமும் ஊன்றி ஓடும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டிருந்தார்.

எங்கள் திம்புள்ளப் பகுதிக்கு வருவோம். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் இம்மலைகளில் தேயிலை பரவிற்று. காப்பிக்குப் பருவகாலத்தில் வந்துபோகும் ஆடவர் உழைப்பே பெரிதும் போதியதாயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. தாய் மலைக்குச் சென்றதும் கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஆயாவின் பொறுப்பாயிற்று. அங்கே சேலைத் தொட்டில்கள் தொங்கின. மலைநாட்டுக் குளிரில், சீமெந்துத் தரையில், பிள்ளையைக் குப்புறவிட எவருக்குத்தான் மனம் வரும்? தொட்டிலிலும் மடியிலும் வளர்ந்து, பின் உட்காரப் பழகிய பிள்ளைகளுட் சிலர் ஒரு கையால் உந்தி, இருந்த இருப்பிலேயே தேய்த்துக்கொண்டு போவர். சிலர் உருண்டே வாயிலை அடைவர். இருந்து நகரும் பிள்ளைக்கு ஓர் இலாபமும் உண்டு: மற்றக் கையிலுள்ள ரொட்டித் துண்டை விடவேண்டியதில்லை!

இத்தகைய பிள்ளைக்கு லயத்தில் 'சப்பாணி' என்று பெயர் விழுந்துவிடும். கைகொட்டலைக் குறிக்கும் அதே சொல் முடவரையும் குறிக்கிறதல்லவா? பழியோ தாயின்மேல் விழும். முதலாந் தரத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார், நான் கேளாமலே, "தவழவே இல்லைங்க ஐயா" என்று குற்றவாளிகள்போல் தலைகுனிந்து கூறியதுண்டு. ஐந்து வயதுப் பிள்ளை அருகில் குதித்துக்கொண்டு நிற்கும்!

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 நலமுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கியது. 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, நூற்றுக்கு 4.3 பேர் முழந்தாளிட்டுத் தவழவேயில்லை. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையமும் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலை நீக்கிவிட்டது.

இருந்து நகரும் பிள்ளைகள் சற்றுத் தாமதித்து நடப்பதுண்டு. ஆயினும் பதினெட்டு மாதங் கடந்தும் நடவாத பிள்ளையையும், எவ்வயதிலாயினும் உடலின் ஒரு பக்கத்தை எப்போதும் இழுத்துச் செல்லும் பிள்ளையையும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ உடனே காட்டவேண்டும்.