கிழவன் வேடமும் தோட்டத்துச் சிரிப்பும்



தெலுக் இந்தான் என்றதும் பலருக்குச் சித்திரா பௌர்ணமியும் தண்டாயுதபாணியின் இரத ஊர்வலமும் நினைவுக்கு வரும். இரதத்தில் அமைதியாக வீற்றிருக்கும் அதே முருகன், நாடக மேடையில் நரைத்த தாடியுடன் தள்ளாடி வந்து மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தான். அந்த இசை நாடகம்தான் 'வள்ளி திருமணம்'.

அதனை மேடைக்கு ஆக்கித் தந்தவர்களுள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறான், பின்னர் கிழவனாகிறான். தேனும் தினைமாவும் கேட்டு உண்கிறான். விக்கலெடுக்க, நீர் கேட்கிறான். இறுதியில் அவளையே மணம் கேட்கிறான்! மறுத்த வள்ளி, யானையாக வந்த விநாயகரைக் கண்டு அஞ்சிக் கிழவனையே தழுவிக்கொள்கிறாள்.

பாட்டும் நகைச்சுவையும் கலந்த இம்மேடைக்கு உறவுகள் பல. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் வளர்ந்த பார்சி நாடகக் குழுக்கள் ஓவியத் திரைகளோடு ஊர் ஊராகச் சென்றன. தமிழ் மேடை அவற்றிடம் கற்றுக்கொண்டது. பினாங்கில் அக்குழுக்களின் தாக்கத்தால் மலாய்ப் 'பங்சாவான்' பிறந்தது. 1885இல் மாமாக் புஷி அங்கே தொடங்கிய குழுவே முதல் பங்சாவான் குழுவாகக் கருதப்படுகிறது. நம் ஊரின் சாய்ந்த கோபுரம் எழுந்ததும் அதே ஆண்டில்தான். அன்று ஊரின் பெயர் தெலுக் ஆன்சன்.

'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் முறையில் வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையின்றி மேடையில் கூடுவர். பபூன் வந்து சிரிப்பைத் தொடங்கி வைப்பார். வள்ளியும் நாரதரும் ஆர்மோனியப் பின்னணியில் தர்க்கம் புரிவர். ஒருவர் சொல்லுக்கு மற்றவர் வேறு பொருள் கண்டு மடக்குவார்.

கப்பலேறி வந்த குழுக்கள் மலாயா நகரங்களில் நடித்தன. தோட்டங்களிலோ பால்மரம் வெட்டியவர்களே திருவிழா இரவுகளில் வேடம் கட்டிக் கூத்தாடினர். விடிந்தால் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் அவர்கள்! எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சிலேடையைக் கேட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொண்டனர். சிரிப்புதான் அவர்களின் தமிழறிவுக்குச் சான்று.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும் பின்னர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் அந்தச் சபையைக் கலைத்துவிட்டன. நடிகர்களை இழந்ததை நாம் அறிவோம். சிரிக்கத் தெரிந்த செவிகளை இழந்ததை அறிந்தோமா?

என் வகுப்பில் கிழவன் காட்சியை நடிக்கச் செய்தேன். "எனக்கு மாலை வேண்டும்" என்று கிழவன் கேட்க, "இப்போது நண்பகல்தானே, தாத்தா?" என்று வள்ளி மடக்குவதாக நானே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். விக்கலுக்கு வகுப்பே சிரித்தது. மாலைக்கு இருவர் மட்டுமே சிரித்தனர்; மற்றவர்கள் நான் விளக்கிய பிறகு, மரியாதைக்காகச் சிரித்தனர்.

சோதனைத்தாளில் இவர்கள் அனைவரும் 'மாலை' என்பதற்கு இரு பொருளையும் சரியாகவே எழுதுவார்கள். ஆயினும் செவியில் விழுந்ததும் சிரிப்பு வருவதே மொழி உயிரோடிருப்பதற்கு அடையாளம். ஆகவே, பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் திரைப்பாடல் நடனத்தோடு பத்து நிமிடம் அந்தக் கிழவனுக்கும் ஒதுக்குவோம். முதலில் இருவர் சிரித்தாலும் போதும்.