சுங்கத்தை எடுத்தார்கள், உப்பில் ஏற்றினார்கள்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியா பாண்டிச்சேரி போறவங்க பெரும்பாலும் மகாபலிபுரம் தாண்டினதும் தூங்கிடுவாங்க. முழிச்சிருந்தா மரக்காணம் பக்கத்துல ரோட்டோரமா பாத்தி பாத்தியா உப்பளம் தெரியும். வெள்ளை வெள்ளையா குவியல், மேலே கீற்று போட்டு மூடி வெச்சிருப்பாங்க. தமிழ்நாட்டுல தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து உப்புக்கு இந்த ஊர்தான். இங்கே விளையற உப்பை விட, அதை வெளியூருக்கு அனுப்பறதுக்கு இருநூறு வருஷமா யார் யார் என்னென்ன காசு புடுங்கினாங்கங்கறது சுவாரசியமான கதை.

இந்தக் கதையில நான் போய் விழுந்ததுக்கு ஒரு பார்சல் காரணம். பெங்களூர்ல இருக்கற அக்காவுக்கு ஒரு பெட்டி அனுப்பினேன். புக் பண்ணும்போது ஒரு ரேட். அங்கே போய்ச் சேர்ந்ததும் "பெட்டி பெரிசு, கொள்ளளவு எடை வேற, இன்னும் நூத்தி எண்பது ரூபா குடுத்தாத்தான் இறக்குவோம்"னு அக்காகிட்ட கேட்டிருக்காங்க. எடைக்கும் கொள்ளளவுக்கும் ஃபார்முலா இருக்கு, அதெல்லாம் நமக்குப் புரியும், இன்ஜினியரிங் படிச்சிருக்கோம்ல :-) ஆனா அந்த ஃபார்முலாவைப் புக் பண்ணும்போதே போட்டிருக்கலாமே? சரக்கு அவங்க கையில, நம்ம வாதம் காத்துல. அக்கா குடுத்துட்டா. கதை முடிஞ்சது. சரக்கைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு காசு கேக்கற இந்த டெக்னிக் எவ்வளவு பழசுன்னு தேட ஆரம்பிச்சேன், மரக்காணத்துல வந்து நின்னேன்.

பழசுன்னா நிஜமாவே பழசு. காவிரிப்பூம்பட்டினத்துல சரக்குக்கு சுங்கம் வாங்கிட்டு புலி முத்திரை குத்தினதைப் பட்டினப்பாலை சொல்லுது. திருக்குறள்லயே உல்கு வருது, உல்குன்னா சுங்கம். உமணர்கள் உப்பு வண்டியை வரிசை கட்டி ஓட்டிட்டுப் போன காலம் அது. அச்சு முறிஞ்சா மாத்தறதுக்கு இன்னொரு அச்சை வண்டிக்கு அடியிலயே கட்டி வெச்சிருப்பாங்களாம் (ஸ்டெப்னி டயர் கண்டுபிடிச்சவன் நம்மாளுதான்). சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இதே மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஊர்ல பூமீஸ்வரர் கோயில் இருக்கு, சோழர் கல்வெட்டுகளோட.

சோழர்னதும் முதலாம் குலோத்துங்கன் ஞாபகத்துக்கு வரணும். 1070-ல பட்டத்துக்கு வந்தவன். அவனுக்கு 'சுங்கந் தவிர்த்த சோழன்'னு பட்டம். கடாரம் வென்றான், கங்கை கொண்டான்னு பட்டம் வாங்கின வம்சத்துல, ஒரு வரியை எடுத்ததுக்காகப் பேர் வாங்கினவன் இவன். எனக்கு இவன்மேல தனி மரியாதை உண்டு. ஆனா சுங்கம் செத்துப்போகலை. பின்னால வந்த அரசுகள் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க, கம்பெனிக்காரன் வந்தப்போ அது ஜோரா நடந்துக்கிட்டிருந்தது. இன்னிக்கும் கோயமுத்தூர்ல சுங்கம், திருச்சியில டோல்கேட்னு பேர்ல மட்டும் நிக்குது.

சரி, கம்பெனி காலத்துக்கு வருவோம்.

1805-ல சென்னை மாகாணத்துல உப்பை கம்பெனி தன் ஏகபோகம் ஆக்கிக்கிச்சு. அளத்துல உப்பு விளைவிக்கறவன் அதை கம்பெனிக்குத்தான் போடணும். கம்பெனி அவனுக்கு ஒரு சின்னத் தொகை குடுத்துட்டு, கிட்டங்கியில வெச்சு வியாபாரிக்கு விக்கும். ஆரம்ப விலை கரிசைக்கு 70 ரூபாய். கரிசைங்கறது பழைய அளவை, 400 மரக்கால். உப்புக் கணக்குல 120 மணங்கு, ஒரு மணங்கு 82 பவுண்டு, அதாவது 37 கிலோ சொச்சம். 1809-ல 70 ரூபாய் 105 ஆச்சு. 1820-ல மறுபடி 70. 1828-ல மறுபடி 105. மணங்குக்கு 14 அணா. பெட்ரோல் விலை மாதிரி ஏறி இறங்கி விளையாடியிருக்காங்க.

பக்கத்துலயே பாண்டிச்சேரி. அங்கே பிரெஞ்சுக்காரன் சொந்தமா உப்பு காய்ச்சி கள்ளத்தனமா இந்தப் பக்கம் விட்டா கம்பெனி ஏகபோகம் என்னாகும்? 1815-ல ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டாங்க. பிரெஞ்சுப் பகுதியில விளையற உப்பை மொத்தமா இங்கிலீஷ்காரனே எடுத்துக்கறதுக்கு, வருஷத்துக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாய். அடுத்த சில வருஷத்துல அங்கே உப்பு விளைவிக்கறதையே நிறுத்த இன்னொரு ஒப்பந்தம். சும்மா இருக்கறதுக்குக் காசு! அந்த நாலு லட்சமும் கடைசியில கஞ்சிக்கு உப்பு வாங்கினவன் மடியிலிருந்து வந்ததுதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உப்பு இல்லாத மத்த சரக்குக்கெல்லாம் வழி நெடுக சுங்கச் சாவடி. துணியோ வெல்லமோ வெத்தலையோ, நாட்டுக்குள்ளயே ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குப் போனாக்கூட வரி. சென்னை மாகாணத்துல இதை ஏலம் விட்டு குத்தகைக்குக் குடுத்திருந்தாங்க. குத்தகைக்காரன் போட்ட காசை எடுக்கணும்ல? வங்காளத்துல இதே கூத்தை சார்லஸ் டிரெவல்யன்னு ஒரு இளம் அதிகாரி 1830-கள்ல நோண்டி எடுத்து பெரிய அறிக்கையா எழுதினார். அவர் சொன்னதோட சாரம்: அரசாங்கத்துக்குப் போற வரி கொஞ்சம்தான், சாவடிச் சிப்பந்தி சரக்கை நிறுத்தி வெச்சு, பிரிச்சுப் பார்க்கறேன், சீட்டுல எழுதினதும் சரக்கும் ஒத்துப்போகலைன்னு இழுத்தடிச்சு வாங்கறதுதான் அதிகம். வியாபாரிக்கு நேரம் போனா நஷ்டம், குடுத்துட்டுப் போயிடுவான். (என் அக்கா மாதிரியே.)

அறிக்கை வேலை செஞ்சது. வங்காளத்துல 1836-ல உள்நாட்டுச் சுங்கம் போச்சு. சென்னையில 1844-ல ஆறாம் நம்பர் சட்டம் போட்டு எடுத்தாங்க. குலோத்துங்கனுக்கு அப்புறம் எழுநூறு வருஷம் கழிச்சு இன்னொரு சுங்கம் தவிர்ப்பு. கொண்டாட வேண்டிய விஷயம்தானே?

கொஞ்சம் இருங்க. சுங்கத்தை எடுத்தா வருமானம் குறையுமே, அதை எங்கே ஈடு கட்டறது? அதே வருஷம் உப்பு விலை கரிசைக்கு 105-லிருந்து 180 ஆச்சு. மணங்குக்கு 14 அணாவா இருந்தது ஒண்ணரை ரூபாய். அதாவது துணி மூட்டை அனுப்பற செட்டியார்கிட்ட சாவடியில வாங்கினதை, கூழ் குடிக்கறவன் உப்புல வாங்கிக்கலாம்னு முடிவு. வரியில பேர் மாறுது, தலை மாறுது, தொகை அப்படியே இருக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு, மாடு, ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு ஒரு மணங்கு கிட்ட செலவாகும்னு தோராயமா ஒரு கணக்கு போட்டேன். கூலிக்காரன் வீட்டுல பத்து அணா கூடுதல்ங்கறது அந்தக் காலத்துல சின்ன விஷயம் இல்லை.

பம்பாய் பக்கமும் இதே வருஷம் இதே வேலை. அங்கே நகரச் சுங்கம் மாதிரி சிலதை எடுத்துட்டு, உப்பு வரியை எட்டணாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏத்தினாங்க. சூரத்காரங்க சும்மா இருக்கலை. 1844 ஆகஸ்ட்ல கடையை அடைச்சுட்டு ஆயிரக்கணக்குல தெருவுக்கு வந்துட்டாங்க. பம்பாய்ல ஒரு ரூபாய் 12 அணா ஆச்சு. சென்னையிலயும் அதே வருஷத்துக்குள்ள, லண்டன் மேலிடத்து உத்தரவுல 180 ரூபாயை 120-க்கு இறக்கினாங்க, மணங்குக்கு ஒரு ரூபாய். கவனிங்க, பழைய 14 அணாவுக்குத் திரும்பலை. பாதி ஏத்தி, பாதி இறக்கி, "பாத்தியா குறைச்சுட்டோம்"னு சொல்றது. ஆடித் தள்ளுபடி கணக்கு.

நம்ம ஊர்ல எதிர்ப்பு கொஞ்சம் படிச்ச ரூட்ல வந்தது. அதே 1844-ல காஜுல லட்சுமிநரசு செட்டி 'கிரெசென்ட்' பத்திரிகையை ஆரம்பிச்சார். 1852-ல சென்னை சுதேசி சங்கம் அமைச்சு, வரிக் கொடுமைகளைப் பத்தி லண்டன் பார்லிமெண்டுக்கு நீண்ட மனு போட்டாங்க. வரி வசூலிக்க ஜனங்களைச் சித்திரவதை பண்றாங்கங்கற புகாரை விசாரிக்க ஒரு கமிஷனே போட வேண்டியதாச்சு, அறிக்கை 1855-ல வந்தது. இந்த மனுஷனுக்கு இன்னும் நல்ல வாழ்க்கை வரலாறு எழுதப்படணும்.

டிரெவல்யன் என்ன ஆனார்? 1859-ல சென்னைக்கே கவர்னரா வந்தார். 1857-க்குப் பிறகு கல்கத்தா அரசாங்கம் புதுசா வருமான வரி எல்லாம் கொண்டுவந்தப்போ, இது ஜனங்களுக்குத் தாங்காதுன்னு சண்டை போட்டு, தன் எதிர்ப்பை பத்திரிகைக்கே குடுத்துட்டார். கவர்னர் பண்ற காரியமா அது? 1860-ல திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அயர்லாந்துப் பஞ்சத்துல இதே ஆள் நடந்துக்கிட்ட விதத்தை அந்த நாட்டுக்காரங்க இன்னும் மன்னிக்கலைங்கறதையும் சொல்லிடறேன், முழு வெள்ளை அடிக்க வேண்டாம்.

அப்புறம் உப்பு விலை நிக்கவே இல்லை. 1859-ல ஒரு ரூபாய் ரெண்டணா, 1869-ல ரெண்டு ரூபாய், 1877-ல ரெண்டரை. 1877-ங்கறது தாது வருஷப் பஞ்ச காலம், ஜனம் கொத்துக் கொத்தா செத்த நேரம். அந்தப் பஞ்ச நிவாரணக் கூலிகளை வெச்சுத்தான் சென்னைக்குள்ள அடையாறையும் கூவத்தையும் இணைச்சு கால்வாய் வெட்டினாங்க, கவர்னர் பக்கிங்ஹாம் பேரை வெச்சாங்க. அந்தக் கால்வாயோட தெற்கு முனை மரக்காணம். சென்னையிலிருந்து 103 கிலோமீட்டர். உப்பும் விறகும் தோணியில ஏறி பட்டணம் போச்சு. கஞ்சிக்கு உப்பு வாங்க முடியாதவன் வெட்டின கால்வாய் வழியா உப்பு போயிருக்கு.

1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். அதுக்கு அடுத்த வருஷம் நடந்ததை அவ்வளவா யாரும் பேசறதில்லை. 1931 மார்ச் 5-ல காந்தி-இர்வின் ஒப்பந்தம். உப்பு விளையற இடத்தை ஒட்டின கிராமத்துக்காரங்க வீட்டுச் செலவுக்கு உப்பு எடுத்துக்கலாம், கிராமத்துக்குள்ளயே வித்துக்கலாம். வெளியூர்க்காரனுக்கு விக்கக் கூடாது. கடைசியில விஷயம் அனுப்பறதுலதான் நின்னுச்சு பாருங்க. ஊர் எல்லை வரைக்கும் உன் உப்பு, தாண்டினா சர்க்கார் உப்பு.

அந்த ஒப்பந்தத்து மை காய்ஞ்சு வருஷம் முடியலை, 1931 கடைசியில துணை பட்ஜெட்ல எல்லா வரிக்கும் மேல 25 சதவீத சர்சார்ஜ் போட்டாங்க. உப்பும் தப்பலை. மணங்குக்கு ஒண்ணேகால் ரூபாயா இருந்த வரி ஒரு ரூபாய் ஒன்பது அணா ஆச்சு. தண்டி, வேதாரண்யம்னு ஜனங்க அடி வாங்கி ஜெயிலுக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறம், அஞ்சணா கூட.

உப்பு வரி மொத்தமா ஒழிஞ்சது 1947 ஏப்ரல் 1-ந் தேதி, இடைக்கால அரசாங்கத்துல லியாகத் அலி கான் நிதி மந்திரியா இருந்தப்போ. சுதந்திரத்துக்கு நாலரை மாசம் முன்னால. மரக்காணத்து உப்பு இப்போ லாரியில போகுது. ஜிஎஸ்டியும் கிடையாது.