மூக்கறுத்த காலமும் முகந்திருத்தும் காலமும்

தமிழில் மானத்தையும் அவமானத்தையும் மூக்கோடு சேர்த்துப் பேசும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. அவையில் நாணமுற்றவனை ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். அழகிய குழந்தையை ‘மூக்கும் விழியுமாக இருக்கிறது’ எனப் பாராட்டுகிறோம். இவை வெறும் சொல்லலங்காரங்கள் அல்ல. குற்றவாளியின் மூக்கையும் பகைவனின் மூக்கையும் அறுப்பது ஒரு காலத்தில் இந்திய மண்ணில் உண்மையாகவே வழங்கிய தண்டனையாகும். சூர்ப்பணகையின் கதையை அறியாத தமிழர் இலர். உயிரைப் போக்காமல், உயிருள்ளவரை ஒருவனைத் தலைகுனிய வைப்பதே அத்தண்டனையின் நோக்கம்.

அத்தண்டனை வழங்கிய நாட்டிலேயே அதற்கு மருந்தும் பிறந்தது. அறுபட்ட மூக்கை மீட்கத் தோன்றிய அக்கலை, இன்று பழுதில்லாத மூக்கையும் திருத்தும் பெருந்தொழிலாக உலகெங்கும் பரவியுள்ளது. இடைப்பட்ட காலத்தில் மருத்துவரின் கருவிகள் மட்டுமா மாறின? மருத்துவரை நாடிச் செல்வோரின் வேண்டுகையும் மாறியது. அம்மாற்றத்தின் வரலாற்றையும் காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழந்ததை மீட்ட கலை

பண்டை இந்திய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில் மூக்கை மீண்டும் அமைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அவ்வளவில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கின் இடத்தில் பொருத்துவது அம்முறை. பிற்காலத்தில் கன்னத்துக்கு மாறாக நெற்றித் தோலைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவில் நிலைபெற்றது.

மைசூர்ப் போர்க் காலத்தில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னர், புனே பகுதியில் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலைக்கொண்டு புதிய மூக்கை அமைத்தார். இச்செய்தி 1794ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ என்னும் இதழில் படத்துடன் வெளிவந்தது. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர், பிணங்களில் பலமுறை பயின்று, 1814இல் உயிருள்ள மனிதருக்கு அச்சிகிச்சையைச் செய்து, 1816இல் அதனை நூலாக வெளியிட்டார். ஏட்டுக்கல்வி இல்லாத ஒரு கைவினைஞரிடமிருந்து ஐரோப்பிய மருத்துவம் பாடம் கற்றது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஐரோப்பாவிலும் இம்முயற்சி முன்பே இருந்தது. இத்தாலியில் பொலோஞா நகரத்துப் பேராசிரியர் தாலியகோட்சி, கையின் மேற்புறத் தோலை மூக்குடன் வாரக்கணக்கில் பிணைத்துவைத்து ஒட்டும் முறையை 1597இல் நூலாக எழுதினார். ஆயினும் அவருக்குப் பின் அம்முறை பெரிதும் மறக்கப்பட்டது.

இக்கலைக்குப் ‘பிளாஸ்டிக் அறுவை’ என்னும் பெயர் வழங்குவதால், நெகிழிப் பொருளை உடலில் வைத்துத் தைப்பதாக மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. ‘உருவாக்குதல், வனைதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. குயவன் மண்ணை வனைவதுபோல் மருத்துவன் தசையை வனைகிறான் என்பதே அதன் கருத்து.

அக்காலம்வரை இச்சிகிச்சையை நாடியவர்கள் எதையேனும் இழந்தவர்களே. தண்டனையிலோ போரிலோ நோயிலோ உறுப்பிழந்தவர், இழந்ததைத் திரும்பக் கேட்டனர். மயக்கமருந்து இல்லாத காலத்தில், வெறும் விருப்பத்துக்காகக் கத்தியின்முன் அமர எவரும் துணியார். 1846இல் ஈதர் மயக்கமருந்து அறிமுகமாகியது. 1867இல் லிஸ்டர் கிருமியொழிப்பு முறையை வெளியிட்டார். வலியும் சீழும் குறைந்தபின்னரே, இன்றியமையாத தேவைக்கு அப்பாலும் மனிதன் கத்தியை நாடத் தொடங்கினான்.

பள்ளிச் சிறுவனின் செவிகள்

இம்மாற்றத்தின் தொடக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1896இல் பெர்லின் நகரில் நடந்தது. புடைத்து நின்ற செவிகளையுடைய சிறுவன் ஒருவன் பள்ளித் தோழரின் கேலியைத் தாங்கமாட்டாமல் பள்ளிக்குச் செல்ல மறுத்தான். அவன் தாய் அவனை யாக் யோசெப் என்னும் இளம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். யோசெப் அச்செவிகளைத் திருத்தி அமைத்தார். சிகிச்சை வெற்றி பெற்றது. ஆனால், யோசெப் தாம் பணிபுரிந்த மருத்துவ நிலையத்திலிருந்து விலக்கப்பட்டார். நோயில்லாத உடலில் தோற்றத்துக்காகக் கத்தி வைப்பது மருத்துவமாகாது என்பது அவருடைய மேலோரின் கருத்து. எனினும் அவர் தளரவில்லை. 1898இல் பெரிய மூக்கால் மனம் வருந்திய ஒருவரின் மூக்கைச் சிறிதாக்கினார். நாளடைவில் ‘மூக்கு யோசெப்’ என்று மக்கள் அழைக்கும் அளவுக்குப் புகழ் பெற்றார்.

அச்சிறுவனின் செவிகள் நன்றாகக் கேட்டன. அவற்றில் வலியில்லை, புண்ணில்லை. பிறர் நகைத்ததே நோய். அந்நகைப்புக்குப் பிறப்பிடம் வகுப்பறை. அதற்குரிய மருந்தைச் செலுத்தியதோ சிறுவனின் உடலில். யோசெப் செய்ததை இரக்கமற்ற செயல் என எவரும் கூறவியலாது. பள்ளியை வெறுத்த பிள்ளைக்கு அவர் வாழ்வளித்தார். ஆயினும், ‘குறை’ என்னும் சொல்லின் எல்லை அன்று விரிந்துவிட்டது. உறுப்பு இல்லாமை மட்டுமன்றி, உறுப்பு பிறர் விரும்பியவாறு இல்லாமையும் குறையாயிற்று.

போரும் அதற்குப் பின்னும்

முதல் உலகப் போர் இக்கலையை மிக விரைவாக வளர்த்தது. பதுங்குகுழியிலிருந்து தலைதூக்கிய வீரர்கள் தாடையையும் மூக்கையும் இழந்து ஆயிரக்கணக்கில் திரும்பினர். நியூசிலாந்தில் பிறந்த ஹெரால்டு கில்லீசு என்னும் மருத்துவரின் முயற்சியால் 1917இல் இங்கிலாந்தின் சிட்கப் என்னுமிடத்தில் முகக்காயங்களுக்கெனவே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைப் பெற்றனர். மருத்துவமனைக்கு வெளியே சாலையோர இருக்கைகள் சில நீலநிறம் பூசப்பெற்றன. அவற்றில் அமர்ந்திருப்போரின் முகத்தைக் கண்டு திடுக்கிடலாகாது என ஊரார்க்கு அறிவிக்கும் குறியே அந்நிறம்.

போர் முடிந்தது, கற்ற திறன் எஞ்சியது. காயமுற்றோர் குறைய, வேறு வகையினர் மருத்துவரை நாடினர். பாரிசில் சூசான் நோயல் என்னும் பெண் மருத்துவர் முகச்சுருக்கத்தைத் திருத்தும் சிகிச்சையில் ஈடுபட்டு, 1926இல் அதன் சமூகப் பயனைப் பற்றி நூலொன்று எழுதினார். முதுமைத் தோற்றத்தால் வேலையை இழக்கும் மகளிர்க்கு அச்சிகிச்சை பிழைப்புக்கு உரியதொரு தேவை என்பது அவர் கொள்கை. இங்கு நகைத்தவர் பள்ளித்தோழர் அல்லர். கூலி கொடுக்கும் முதலாளி.

கிழக்காசியாவிலும் இத்தகைய போக்குத் தோன்றியது. இமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவைமுறையை மிக்காமோ என்னும் ஜப்பானிய மருத்துவர் 1896இலேயே வெளியிட்டார். கொரியப் போருக்குப் பின்னர், அமெரிக்கப் படைப் பிரிவின் மருத்துவராகிய மில்லார்டு அந்நாட்டில் போரால் ஊனமுற்றோர்க்குச் சிகிச்சையளித்ததோடு இமைகளையும் திருத்தினார். பின்னாளில் தென்கொரியாவின் சியோல் நகரம் அழகுச் சிகிச்சைக்கு உலகறிந்த இடமாயிற்று.

கத்தியிலிருந்து ஊசிக்கு

1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சிலிக்கோன் மார்பகப் பொதி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 1970களின் பிற்பகுதியில், குழாய்வழி உடற்கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை பிரான்சில் செம்மையுற்றது. இவையிரண்டும் அழகுச் சிகிச்சையைப் பெருவணிகமாக்கின. அதனோடு ஐயங்களும் எழுந்தன. 1992இல் அமெரிக்க அரசு சிலிக்கோன் பொதிகளின் பயனைக் கட்டுப்படுத்தி, 2006இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. பிரான்சில் ஒரு நிறுவனம் மருத்துவத்துக்கு ஒவ்வாத சிலிக்கோனைப் பொதிகளில் அடைத்து விற்றது 2010இல் வெளிப்பட்டு, அதன் நிறுவனர் 2013இல் தண்டிக்கப்பட்டார்.

இதற்கிடையில் மக்களின் நாட்டம் கத்தியை விட்டு ஊசிக்கு மாறியது. ஊசி புதிதன்று. 1899ஐ ஒட்டி வியன்னா மருத்துவர் கெர்சுனி, கனிம மெழுகைத் தோலுக்கடியில் செலுத்திக் குழிகளை நிரப்பினார். அதனைப் பின்பற்றிப் பலரும் மெழுகூசி போட்டுக்கொண்டனர். ஆண்டுகள் சில சென்றபின் அம்மெழுகு கட்டியாகித் திரண்டும் இடம்பெயர்ந்தும் முகங்களைக் கெடுத்தது. விரைவில் கிடைக்கும் அழகு, தாமதமாக வரும் தீமையை மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இன்று ‘போடாக்ஸ்’ எனப் பலரும் அறிந்த மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. கெட்டுப்போன இறைச்சியுணவில் உண்டாகும் கொடிய நஞ்சே அதன் மூலம். ஜெர்மானியக் கவிஞரும் மருத்துவருமாகிய கெர்னர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நஞ்சின் விளைவுகளை விரிவாக எழுதினார். 1895இல் பெல்ஜியத்தில் நேர்ந்த ஒரு நச்சுணவு நிகழ்ச்சியை ஆராய்ந்த வான் எர்மெங்கம், அதனை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்தார். அந்நஞ்சு தசைகளை இயங்காமல் செய்யும். அத்தன்மையையே பயன்படுத்தி, அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மிகச் சிற்றளவில் அதனைச் செலுத்தி மாறுகண்ணைத் திருத்தினார். 1989இல் அம்மருத்துவப் பயன் அமெரிக்காவில் அரசின் ஏற்பைப் பெற்றது. கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்னும் கண் மருத்துவர், இமைத்துடிப்புக்காக ஊசி பெற்ற ஒருவரின் புருவச் சுருக்கம் மறைந்திருப்பதை 1987இல் அறிந்தார். தோல் மருத்துவராகிய தம் கணவருடன் சேர்ந்து 1992இல் அச்செய்தியை வெளியிட்டார். 2002இல் புருவங்களுக்கிடைப்பட்ட சுருக்கத்துக்கு அதனைப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மறு ஆண்டிலேயே, ஹயலூரோனிக் அமிலத்தால் ஆகிய நிரப்பூசி ஒன்றும் அங்கு ஒப்புதல் பெற்றது.

ஊசியை மக்கள் விரும்பக் காரணங்கள் பல. படுக்கையில் கிடக்க வேண்டுவதில்லை. நண்பகல் இடைவேளையில் போட்டுக்கொண்டு பணிக்குத் திரும்பலாம். ஒரு முறைக்கு ஆகும் செலவும் அறுவைச் சிகிச்சையைவிடக் குறைவு. ஆனால், போடாக்சின் பயன் மூன்று நான்கு திங்களில் தேய்ந்துவிடும். ஆகவே, அறுவைச் சிகிச்சை ஒரு முறை வாங்கும் பொருளானால், ஊசி தவணைதோறும் கட்டும் சந்தாவாகும். நிரப்பூசி தவறி இரத்தக் குழாயில் புகுமாயின் கண்பார்வையே போகக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

உலக அழகியல் அறுவை மருத்துவர் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, 2023இல் அறுவைச் சிகிச்சைகள் ஏறத்தாழ 1 கோடியே 58 இலட்சமும், அறுவையற்ற சிகிச்சைகள் ஏறத்தாழ 1 கோடியே 91 இலட்சமும் நடைபெற்றன. 2024இல், முன்னர் முதலிடத்திலிருந்த கொழுப்பு நீக்கத்தை இமைத் திருத்தம் முந்தியது. கைப்பேசியிலும் காணொளிக் கூட்டங்களிலும் மனிதன் தன் முகத்தைத் தானே ஓயாது காணும் காலம் இது. உடலைவிட முகத்தின்மேல் கருத்துச் செல்வதில் வியப்பில்லை. முன்பு பிறர் கண் நம்மை அளந்தது. இப்போது அவ்வேலையை நம் கண்ணே ஏற்றுக்கொண்டது.

நம் நாடுகளில்

இவ்வலை மலேசியாவையும் சிங்கப்பூரையும் விட்டுவைக்கவில்லை. வேண்டுகை பெருகவே ஒழுங்குமுறையும் தேவைப்பட்டது. சிங்கப்பூரில் 2008இல் அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. மலேசிய சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, இச்சிகிச்சைகளை ஊடுருவாதவை, சிறிதளவு ஊடுருவுபவை, ஊடுருவுபவை என மூவகைப்படுத்தி, எவ்வகையை எத்தகுதியுடைய மருத்துவர் செய்யலாம் என வரையறுத்தது. அவ்வாறிருந்தும், தகுதியற்றோர் அழகு நிலையங்களிலும் வீடுகளிலும் ஊசி போட்டுப் பிடிபடும் செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம்.

தமிழரிடையே இவ்வேண்டுகைக்கு மற்றொரு முகமும் உண்டு. அது நிறம். மணமகள் தேடும் விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்னும் சொல் வெட்கமின்றி இடம்பெற்று வந்துள்ளது. அதன் பயனாக வெளுப்புக் களிம்புகளை நாடுவோர் பலர். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து விற்பனையைத் தடுத்துள்ளனர். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கருமை நோயன்று, ஆனால், அதற்கு மருந்தென்று விற்கப்படுவது நோய் தருகிறது.

ஆசிரியர் கடமை

அழகுச் சிகிச்சை முழுவதும் வீண் என்று தள்ளுவது அறிவுடைமையாகாது. பிளவுபட்ட உதட்டுடன் பிறந்த குழந்தைக்கும், தீயில் வெந்த முகத்துக்கும், புற்றுநோயால் மார்பிழந்த தாய்க்கும் இக்கலை செய்துவரும் தொண்டு அளவிடற்கரியது. அகவை முதிர்ந்தவர் ஆய்ந்தறிந்து தம் செலவில் தம் முகத்தைத் திருத்திக்கொள்வதைப் பழிப்பதும் நம் வேலையன்று.

ஆயினும், வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. எக்காலத்தும் மக்கள் மருத்துவரிடம் கொண்டுசென்ற குறைகளுள் பல, அவர்கள் உடலில் தாமே தோன்றியவை அல்ல. மன்னனின் வாள் ஒரு காலத்தில் அக்குறையை உண்டாக்கியது. பின்னர்ப் பள்ளித்தோழரின் நகைப்பும், முதலாளியின் கணக்கும், மணப்பந்தலின் விலைப்பட்டியலும் அவ்வாளின் வேலையைச் செய்தன. வாளால் அறுபட்டதை மருத்துவர் தைக்கலாம். சொல்லால் அறுபட்டதைத் தைப்பதற்கு முன், அறுப்பதை நிறுத்துவதன்றோ முறை?

அதற்குரிய இடம் பள்ளி. ‘கறுப்பன்’, ‘சப்பை மூக்கன்’, ‘குண்டன்’ என்று வகுப்பறையில் ஒரு பட்டப்பெயர் பிறக்கும்போது அதனைக் கேட்கும் முதல் பெரியவர் ஆசிரியரே. அவர் அதனை விளையாட்டென எண்ணிச் சிரித்தால் அப்பெயர் நிலைத்துவிடும். சிலசமயம் அச்சிரிப்பே அதற்கு முத்திரையாகும். அன்றே அவர் அதனைத் தடுத்து, பெற்றோர் இட்ட பெயரால் அப்பிள்ளையை அழைத்து முன்வரிசையில் அமர்த்துவாரானால், பிற்காலத்தில் அப்பிள்ளை கண்ணாடியின்முன் நின்று தன் முகத்தைப் பகைக்க வேண்டிய நிலை வாராது. பெர்லின் சிறுவனின் வகுப்பில் அத்தகைய ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பின், அவன் மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டுவதில்லை.