கண்ணிக் கணக்கு

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கடலோரங்களில் மீனவர்கள் அணிந்த ‘கான்சி’ என்ற கம்பளிச் சட்டையை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தையல் தென்படாது. விலாவில் இல்லை, தோளில் இல்லை, கை உடம்போடு சேரும் இடத்திலும் இல்லை. ஆனாலும் அது உடம்பைக் கச்சிதமாகப் பிடித்தது. பிடித்தே ஆகவேண்டும், தொளதொளத்த சட்டை கயிற்றில் மாட்டும், காற்றை உள்ளே விடும். கைகள்கூட மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும், தண்ணீரில் ஊறிப்போகாமலிருக்க. கார்ன்வாலில் போல்பெரோ ஊர் மீனவர்களை இந்தச் சட்டையில் லூயிஸ் ஹார்டிங் என்பவர் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. இந்தச் சட்டைகளைப் பின்னிய பெண்கள் அச்சிட்ட குறிப்பை வைத்துக்கொண்டு பின்னியவர்கள் அல்லர். தையற்கலையின் துணையும் இல்லை, புத்தகத்தின் துணையும் இல்லை என்றால் சட்டை எப்படிப் பொருந்தியது? பின்னல் துணி இழுபடும், அதனால் தானாகவே பொருந்திவிடும் என்பது பலர் சொல்லும் விடை. அது பாதி விடைகூட இல்லை என்பது என் எண்ணம். பொருத்தம் கணக்கிலிருந்து வந்தது. அந்தக் கணக்கு பின்னுகிறவளிடம் இருந்தது. பின்னால் அச்சுக்குறிப்புகள் பரவியபோது, நல்ல நோக்கத்தோடுதான், அவளிடமிருந்து அது எடுக்கப்பட்டது.

கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் சட்டையை விட்டுக் காலுறைக்குப் போக வேண்டும். இன்று கிடைக்கிற மிகப் பழைய பின்னல் பொருள்களில் முக்கியமானவை எகிப்தில் கிடைத்த, இஸ்லாமியர் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். அவை குழலாகப் பின்னப்பட்டவை. காலுறை பொய் சொல்ல முடியாத பொருள். குதிகால் இருக்கும் இடத்தில் குதிகால் இருக்க வேண்டும். ஆடுதசைக்கு விரிந்து கணுக்காலுக்குக் குறுக வேண்டும். வெட்டித் தைப்பதாக இருந்தால் வெட்டுகிறபோது சரிசெய்துகொள்ளலாம். பின்னுகிறவள் எத்தனை கண்ணி, அதாவது ஊசியில் விழும் வளையம், கூட்ட வேண்டும், எந்தச் சுற்றில் குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் பின்னல் பெரிய ஏற்றுமதித் தொழிலானதும் காலுறையால்தான். 1608இல் ஜெர்சித் தீவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் அறுவடைக் காலத்திலும், வயலுக்கு உரமாகக் கடற்பாசி அள்ளும் காலத்திலும் பின்னக்கூடாது என்று சட்டமே போட்டார்கள், மீறினால் சிறை. வயலில் ஆள் இல்லாத அளவுக்கு ஊரே காலுறை பின்னியிருக்கிறது. இப்படிப் பல தலைமுறை காலுறை பின்னிய கைகளுக்குச் சட்டை புதிய வித்தை அல்ல. உடம்பு ஒரு பெரிய குழல், கைகள் இரண்டு சிறிய குழல்கள்.

கான்சியின் கட்டமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. ஐந்து புரி சேர்த்து இறுக்கமாக முறுக்கிய கம்பளி நூல்; இரு முனையும் கூரான மெல்லிய இரும்பு ஊசிகள் ஐந்தோ அதற்கு மேலோ. இடுப்புப் பட்டையில் செருகிய துளையிட்ட மரத்துண்டு ஒன்று வலப்பக்க ஊசியைத் தாங்கிக்கொள்ளும், நடந்துகொண்டே பின்னலாம். கீழ் விளிம்பிலிருந்து குழலாக மேலேறுவார்கள். பக்கவாட்டில் தையல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றிரண்டு கண்ணிகளை மட்டும் மாற்றிப் பின்னி ஒரு கோடு விடுவார்கள். முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க அது எல்லைக்கல். அக்குளை நெருங்கும்போது அந்தக் கோட்டிலிருந்து ஒரு முக்கோணம் விரியத் தொடங்கும். பிறகு கையைப் பின்னும்போது அது தலைகீழாகக் குறுகி, இரண்டும் சேர்ந்து ஒரு சாய்சதுரமாகும். கயிற்றை இழுக்கக் கை தூக்கும்போது சட்டை முழுவதும் மேலேறாமல் இருப்பது இந்தச் சின்னத் துண்டினால்தான். தோளை இணைத்தபின், தோள் விளிம்பிலிருந்து கண்ணிகளை எடுத்துக் கையை மேலிருந்து கீழாகப் பின்னுவார்கள். இதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. நைந்துபோவது மணிக்கட்டுப் பக்கம். மேலிருந்து பின்னிய கையை நுனியிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி பின்னலாம். முன்பக்கமும் பின்பக்கமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், திருப்பிப் போட்டால் முழங்கைத் தேய்மானத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். இவற்றில் ஒன்றுகூட வெட்டித் தைத்து வந்தது அல்ல. ஒவ்வொன்றும் கண்ணிகளை எண்ணித் தீர்மானித்தது.

இப்போது இழுபடும் துணி என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். அங்குலத்துக்கு ஏழு கண்ணி விழும் கையால் நாற்பது அங்குல மார்புக்குப் பின்னினால் 280 கண்ணி. அதே 280 கண்ணியை, அங்குலத்துக்கு ஆறரைதான் விழும் சற்றுத் தளர்வான கை பின்னினால் சட்டை 43 அங்குலம் ஆகிவிடும். அரைக் கண்ணி மூன்று அங்குலத்தைக் கொண்டுவருகிறது. இழுபடும் துணி சிறியதைப் பெரிதாக்கும், பெரியதைச் சிறிதாக்காது. அகலத்தில் இழுத்தால் நீளத்தில் குறையும் என்பதும் உண்டு. கையில்லாத ஸ்வெட்டரில் இது இன்னும் வெளிப்படை. அக்குள் வளைவை மறைக்கக் கை இல்லை. அந்த விளிம்பில் கண்ணிகளை அதிகமாக எடுத்தால் அது இறக்கைபோல் விரிந்து நிற்கும், குறைவாக எடுத்தால் தோளைப் பிடித்து இழுக்கும். எந்த நெகிழ்வும் இதற்கு உதவிக்கு வராது. நெகிழ்வு மன்னிக்கிற பிழைக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் பிழையை வைத்திருந்தது எண்ணிக்கைதான்.

பின்னுகிறவளுக்கு எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிர்பாராத ஒரு சாட்சி நாடகத்திலிருந்து கிடைக்கிறது. அயர்லாந்தின் மேற்கேயுள்ள ஆரன் தீவுகளைக் களமாக வைத்து ஜே.எம். சிங் எழுதிய ‘ரைடர்ஸ் டு தி சீ’ 1904இல் மேடையேறியது. அதில் கடலில் மூழ்கிய சகோதரனை அடையாளம் காண்பது ஸ்வெட்டரைக் கொண்டல்ல, காலுறையைக் கொண்டு. அதுவும் அதைப் பின்னிய தங்கை தான் போட்ட கண்ணிகளை எண்ணிப் பார்த்து. பின்னாளில் இந்தக் காட்சி எப்படியோ உருமாறி, ஆரன் ஸ்வெட்டரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறுக்குக் கோலம் இருந்தது, மூழ்கியவர்களை அதை வைத்தே கண்டுபிடித்தார்கள் என்ற கதையாகிவிட்டது. 1936இல் டப்ளின் நகரில் ஒரு வெள்ளை ஸ்வெட்டரைக் கண்ட ஹைன்ஸ் எட்கர் கீவே என்ற நூல் வியாபாரி, அந்தக் கோலங்களைப் பழைய கெல்ட்டியச் சமய ஓவியங்களோடு முடிச்சுப் போட்டு, 1967இல் ஒரு புத்தகமும் எழுதினார். ஆங்கிலிகன் ஆயரான ரிச்சர்ட் ரட் 1987இல் வெளியிட்ட கைப்பின்னல் வரலாற்றில் இந்தத் தொன்மத்தைக் கலைத்தார். ஆரன் ஸ்வெட்டர் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. எனக்கு இதில் வருத்தம் தருவது பொய் அல்ல, அது மறைத்த உண்மை. கோலம் கண்ணுக்குத் தெரியும், விற்கவும் உதவும். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நினைவில் கோலம் தங்கிவிட்டது, எண்ணிக்கை போய்விட்டது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. இந்தப் பெண்கள் எல்லோரும் தம் கணவனுக்கும் மகனுக்கும் அன்போடு அளவெடுத்துப் பின்னியவர்கள் அல்லர். பலர் வியாபாரிக்குக் கூலிக்குப் பின்னினார்கள், யார் உடம்புக்கு என்றே தெரியாமல். உண்மைதான். கார்ன்வாலில் நூலைக் கொடுத்துச் சட்டையை வாங்கிப்போகும் முகவர்கள் இருந்தார்கள். ஷெட்லாந்துத் தீவுகளில் நிலைமை இன்னும் மோசம்: பின்னலுக்குக் காசு தராமல் தேயிலையும் துணியுமாகக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கும் முறையை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கை 1872இல் வந்தது. அங்கே முடித்த ஸ்வெட்டரை நனைத்து, ஆள் அளவுக்கான மரச்சட்டத்தில் மாட்டி இழுத்து உலர்த்தும் வழக்கமும் இருந்தது. கடைசி ஒன்றிரண்டு அங்குலத்தைத் தண்ணீரும் மரமும் முடிவுசெய்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மரச்சட்டம் அகலத்தையும் கை நீளத்தையும் திருத்தும். அக்குளின் ஆழத்தையும் கழுத்தின் சுற்றளவையும் அதனால் உண்டாக்க முடியாது. மேலும், காணாத உடம்புக்குப் பொருந்தும்படி பின்ன முடிந்தது என்பதே கணக்கு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. அன்பு மட்டும் இருந்திருந்தால் அளவு தவறியிருக்கும்.

பின்னல் குறிப்புகள் அச்சேறியது வேறொரு உலகத்தில். எடின்பரோவின் ஜேன் காகெய்ன் 1840இல் வெளியிட்ட கையேடு முன்னோடிகளில் ஒன்று. இத்தகைய நூல்களின் வாசகர் மீனவப் பெண் அல்ல, ஓய்வு நேரம் உள்ள நடுத்தரக் குடும்பப் பெண். சால்வை, கைப்பை, குழந்தைத் தொப்பி ஆகியவைதான் பெரும்பகுதி. அவற்றுக்குப் பொருத்தம் பெரிய பிரச்சினை அல்ல. ஸ்வெட்டர் நாகரிக உடையானபோது நிலைமை மாறியது. 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கழகத்தின் தலைவரான வேல்ஸ் இளவரசர் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் ஒன்றை அணிந்து மைதானத்துக்கு வர, அந்தச் சின்ன ஷெட்லாந்துத் தீவின் வண்ணப் பின்னல் ஊரெங்கும் கேட்கப்பட்டது. ஷெட்லாந்துப் பெண்கள் அதைக் குழலாகவே பின்னி, கைக்கும் கழுத்துக்கும் உரிய இடத்தில் துணிந்து வெட்டித் திறப்பார்கள். ஆனால் நூல் நிறுவனங்களும் மகளிர் பத்திரிகைகளும் வெளியிட்ட குறிப்புகள் வேறு வழியில் போயின: முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக, கைகள் தனியாக, எல்லாம் தட்டையாகப் பின்னிக் கடைசியில் தைத்துச் சேர்ப்பது. இது தையற்காரரின் முறை. வில்லியம் லீ 1589இல் உருவாக்கிய காலுறைப் பின்னல் சட்டகமும் அப்படித்தான் தட்டையாகப் பின்னியது, பிறகு தைத்தார்கள். பின்னலின் சொந்த வழி குழல் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் திருப்பூர் பனியனைப் பார்க்கலாம். வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து குழலாக இறங்கும் துணியில் செய்த பனியனுக்கு விலாவில் தையல் தேவைப்படுவதில்லை.

அச்சுக்குறிப்பு தீமையே செய்தது என்று நான் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும், பின்னுகிறவர்கள் நடுவே வளராமலேயே, ஒரு ஸ்வெட்டரை முடிக்க அது வழிசெய்தது. 1930களின் இடை குறுகி, தோள் நிமிர்ந்து நிற்கும் பெண்கள் ஸ்வெட்டரைப் போன்ற வடிவத்துக்குத் தட்டைத் துண்டுகள் வசதியானவை என்பதும் உண்மை. கான்சி இடை தெரியும் ஆடை அல்ல. ஆனால் குறிப்பு எண்களைக் கொடுத்தது, காரணத்தைக் கொடுக்கவில்லை. 34, 36, 38 என்று மூன்று அளவு. உங்கள் கை குறிப்பெழுதியவரின் கையைவிடத் தளர்வானது என்றால், உங்கள் தோள் அந்த மூன்றிலும் அடங்காதது என்றால், என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை இருக்காது. பொருந்தாத ஸ்வெட்டரைப் பின்னிவிட்டு ‘என் கை சரியில்லை’ என்று நொந்துகொள்ளும் வழக்கம் அந்த அச்சுக்குறிப்புக் காலத்துப் பிறவி.

கணக்கைத் திருப்பிக் கொடுத்தவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாழ்ந்து 1999இல் மறைந்தவர். குழலாகப் பின்னும்படி அவர் எழுதி அனுப்பிய குறிப்பை ஒரு பத்திரிகை தட்டையாகப் பின்னும்படி மாற்றி வெளியிட்டது. அதன்பின் தம் குறிப்புகளைத் தாமே அச்சிட்டு அனுப்பத் தொடங்கினார். 1971இல் வந்த ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ அவருடைய முதல் நூல். அவர் தந்தது விகிதம். மார்புச் சுற்றின் கண்ணிகளை நூறு என்று வைத்தால் மணிக்கட்டுக்கு 20, மேற்கைக்கு 33, அக்குளில் நிறுத்திவைப்பது 8, கழுத்துக்கு 40. மேலே சொன்ன 280 கண்ணிச் சட்டையில் மணிக்கட்டு 56, மேற்கை 92, அக்குள் 22, கழுத்து 112. மாற்றுவதற்கு ஒரே ஓர் எண்தான் இருக்கிறது, மற்றவை அதன் பின்னால் வரும். விகிதம் சராசரி உடம்பைத்தானே எடுத்துக்கொள்கிறது, அச்சுக்குறிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. பெரிய மார்பும் மெலிந்த கையும் உள்ளவருக்கு 33ஐ 30 ஆக்கலாம் என்று இந்த முறையில் எந்தப் பின்னுகிறவரும் தாமே முடிவுசெய்ய முடியும், ஏனென்றால் அந்த எண் எதற்கு என்று அவருக்குத் தெரியும். சிம்மர்மன் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று புகழ்வது வழக்கம். போல்பெரோவின் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. சதவீதம் என்ற பெயரில் மட்டும் தெரிந்திருக்கவில்லை. அவருடைய சாதனை, வாய்வழிக் கணக்கை யாரும் தனியாக உட்கார்ந்து படித்துச் செய்யக்கூடியதாக எழுதிவைத்தது. அது சின்னச் சாதனை அல்ல.

கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றையாவது பின்ன நினைப்பவர்கள் உடம்பை அளப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகிற ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து மார்பகலத்தை அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சிம்மர்மனும் அதையே சொன்னார். பிறகு அதே நூலில், அதே ஊசியில், உள்ளங்கையைவிடப் பெரிய மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னுங்கள். ஆடையைக் குழலாகப் பின்னப்போகிறீர்கள் என்றால் துண்டையும் குழலாகவே பின்னுங்கள், ஏனென்றால் தட்டையாகப் பின்னும்போது கையின் இறுக்கம் வேறு. துவைத்து உலர்த்திவிட்டு, ஓர் அங்குலத்தில் அல்ல, நான்கு அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணி நான்கால் வகுங்கள். அரைக் கண்ணி வந்தால் அதையும் விடாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.