ஓர் இராத்தல் தானியமும் ஒரு மனித உயிரும்

பசித்தோர்க்கு உணவளிப்பது இரக்கச் செயல்களுள் முதலாவது என்று மறைக்கல்வியில் நாம் கற்றிருக்கிறோம். ஆனால் எதை அளித்தால் அது உணவாகும் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. வயிறு நிரம்பியும் உடல் பட்டினி கிடக்கக்கூடும் என்ற உண்மையை மனிதகுலம் பெரும் விலை கொடுத்தே கற்றது. அப்பாடத்தின் முதல் ஏடுகளுள் ஒன்று நம் மண்ணிலேயே எழுதப்பட்டது.

1876-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. நம் முன்னோர் நெடுங்காலம் நெஞ்சு நடுங்க நினைவுகூர்ந்த தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. 1877 ஜனவரி முதல் நாள் விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று தில்லியில் ஆடம்பரமாக அறிவிக்கப்பட்டார். அதே மாதத்தில் வைசிராய் லிட்டன் பிரபுவின் பஞ்சத் தூதராகச் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காத்தவர் இவரே. அதற்காக அரசுப் பணத்தை வாரி இறைத்தவர் என்ற பழிக்கும் ஆளானார். இம்முறை அவருக்கு இடப்பட்ட கட்டளை சிக்கனம்.

மண் வெட்டியும் கல் உடைத்தும் பஞ்ச நிவாரண வேலை செய்தோர்க்கு அதுவரை ஒன்றரை இராத்தல் தானியத்தை அளவாகக் கொண்டு கூலி தரப்பட்டது. டெம்பிள் அதனை ஓர் இராத்தலாக, அதாவது சுமார் 450 கிராமாகக் குறைத்தார். வளர்ந்த ஆண்மகனுக்கு அத்தானியத்தின் விலையும் அதற்கு மேல் சிறிது காசும். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதிலும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்ற பெயரால் வரலாறு இதனை நினைவில் வைத்திருக்கிறது.

இதனை எதிர்த்து எழுந்தவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1863-லேயே இம்மாகாண மக்கள் எதை உண்டு வாழ்கிறார்கள் என்பது பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டவர் அவர். பாடுபட்டு உழைப்பவன் வெறும் தானியத்தைக் கொண்டு உயிர்வாழ இயலாது, தேய்ந்த தசையை ஈடுசெய்யப் பருப்பு போன்றவை வேண்டும், உப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அரைகுறை உணவு மனிதனை ஒரே நாளில் கொல்வதில்லை. மெல்ல மெலியச் செய்து வயிற்றுப்போக்குக்கும் வீக்கத்துக்கும் இரையாக்குகிறது. அவரது விடாத எதிர்ப்பின் பயனாக அவ்வாண்டு மே மாதத்தில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. ஆயினும் பல இலட்சம் மக்கள் மாண்ட பின்னரே பஞ்சம் ஓய்ந்தது. அந்நாளில் பஞ்சக் கூலிகள் வெட்டிய பகுதியையும் உட்கொண்ட பக்கிங்ஹாம் கால்வாய், அன்றைய ஆளுநரின் பெயரால் இன்றும் சென்னை நகரின் ஊடே கிடக்கிறது. 1878-இல் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. அதனடியாகப் பிறந்த பஞ்சச் சட்டத் தொகுப்புகளின் உணவுப் பட்டியலில் தானியத்தோடு பருப்பும் உப்பும் எண்ணெயும் காய்கறியும் இடம்பெற்றன.

டெம்பிளைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட்டால் நமக்குக் கிடைக்க வேண்டிய பாடம் கிடைக்காது. இவன் சாகாமலிருக்க எவ்வளவு போதும் என்று அவர் கேட்டார். இவன் எழுந்து தன் ஊர் திரும்பி மீண்டும் ஏர் பிடிக்க என்ன வேண்டும் என்று கார்னிஷ் கேட்டார். பாலைநிலத்தில் திரண்ட மக்களைக் கண்டு பிலிப்பு போட்ட கணக்கை நாம் அறிவோம். ஆளுக்குச் சிறிதளவேனும் கொடுக்க இருநூறு தெனாரியமும் போதாது என்றார் அவர். ஆண்டவரோ வாற்கோதுமை அப்பத்தோடு மீனையும் சேர்த்து, அவர்கள் வேண்டுமட்டும் கொடுத்தார்.

கார்னிஷ் கேட்ட கேள்வியை உலகம் எளிதில் மறந்தது. நல்லெண்ணத்தோடு கொடுத்த கைகளும் மறந்தன. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் வழியாக வந்த பால்மாவும் எண்ணெயும் கோதுமையும் கத்தோலிக்க அமைப்புகள் மூலமாக நம் பங்குகளுக்கும் வந்து சேர்ந்தன. கைகுலுக்கும் சின்னம் பொறித்த தகரங்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பாலிலிருந்து கொழுப்பை எடுக்கும்போது அதனுடன் வைட்டமின் 'ஏ'யும் போய்விடுகிறது. ஏற்கெனவே மெலிந்திருந்த குழந்தைக்கு அது கிட்டாவிட்டால் கண் உலர்ந்து பார்வையே போய்விடும். 1960-களின் நடுவில்தான் அமெரிக்க நிவாரணப் பால்மாவில் அச்சத்தைச் சேர்க்கும் வழக்கம் தொடங்கியது.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்தது இன்னும் கொடிது. மொசாம்பிக் நாட்டு உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த பல இலட்சம் அகதிகள் அங்கு மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்தனர். மக்காச்சோளத்தில் உள்ள நயாசின் என்னும் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அக்குறையை அவர்கட்கு ஈடுசெய்தது பங்கீட்டில் கிடைத்த வேர்க்கடலை. அதன் வரத்து தடைப்பட்டதும் பெல்லாக்ரா என்னும் நோய் பரவியது. வெயில் படும் தோல் கருத்து வெடிக்கும், வயிறு கழியும், முற்றினால் அறிவு மயங்கும். 1990 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்கள் வரிசையில் நின்று நிவாரணம் பெற்றுக்கொண்டிருந்தவர்களே.

அந்த வேர்க்கடலையே பின்னர் மருந்துமாயிற்று. 1996-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஆந்த்ரே பிரியாங், மிஷேல் லெஸ்கான் என்பவரோடு இணைந்து, வேர்க்கடலை, பால்மா, எண்ணெய், சர்க்கரை இவற்றுடன் வைட்டமின்களையும் தாது உப்புக்களையும் சேர்த்து ஒரு பசையை உருவாக்கினார். அதற்குத் தண்ணீரோ அடுப்போ தேவையில்லை. 92 கிராம் பொட்டலம் ஒன்று 500 கிலோ கலோரி தரும். கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தையை, வேறு நோய்ச் சிக்கல் இல்லையெனில், வீட்டிலேயே தாயின் மடியில் வைத்துத் தேற்ற இது வழி செய்தது. 2007-இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டறிக்கை வெளியிட்டு இம்முறையை ஏற்றன. ஆனால் பொட்டலம் எல்லாவற்றுக்கும் விடையாகிவிடாது. குழந்தை தேறியபின் அது திரும்பிச் செல்லும் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

புயலும் வெள்ளமும் வரும்போது நம் பங்குகளும் தாராளமாகக் கொடுக்கின்றன. பெரும்பாலும் அரிசிப் பையே முதலில் வருகிறது. கொடுக்க எளிது, எண்ண எளிது. அரிசியோடு ஒருபடி பருப்பும், ஒரு புட்டி எண்ணெயும், அயோடின் உப்பும், கைப்பிடி வேர்க்கடலையும் சேருமானால் பைகளின் எண்ணிக்கை குறையக்கூடும். பெறுகிறவரின் உடல் தேறும். அந்த வீட்டில் பால்குடிக்கும் குழந்தை உண்டா, கருவுற்ற தாய் உண்டா, பல்லில்லாத முதியவர் உண்டா என்று கேட்டறிந்து கொடுப்பது அதனினும் மேலான கொடை. இவ்வாறு கேட்பதற்குப் பணம் தேவையில்லை. வாசற்படி ஏறும் மனம் வேண்டும். வருகிற தவக்காலத்தில் நம் தருமத்தை எடையிட்டுப் பார்க்கும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு நில்லாமல், கொடுத்ததை உண்டு யார் எழுந்து நடந்தார் என்றும் கேட்போமாக.